குழந்தையின் ஸ்வெட்டர் அடுத்த மார்கழி வரை தாங்கணுமா? துவைப்பது முதல் பீரோவில் வைப்பது வரை... அந்துருண்டையில் இருக்கும் ஆபத்து என்ன?

திருத்தணியில் கம்பளி உடையா என்று கேட்பவர்கள் உண்டு. கோடையில் தமிழகத்தின் வெப்பநிலைப் பட்டியலில் அடிக்கடி முன்வரிசையில் வரும் ஊர் இது. வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. ஆனால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் கைக்குழந்தையோடு மலைப்படி ஏறியவர்களுக்குத் தெரியும், ஒரு குல்லாவும் ஸ்வெட்டரும் எவ்வளவு அவசியம் என்று. டிசம்பர் 31 அன்று இரவு நடக்கும் திருப்படித் திருவிழாவில், மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் பூஜை நடக்கும். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடு இரவில் வெட்டவெளியில் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கிருந்து அப்படியே திருமலைக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே குளிர் இன்னும் அதிகம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷத்தில் அந்த ஸ்வெட்டர் குழந்தையின் உடம்பில் இருப்பது ஐந்தாறு வாரம்தான். மீதி பத்து மாதத்துக்கும் மேல் அது பீரோவிலோ, டிரங்க் பெட்டியிலோ, பரணிலோதான் கிடக்கிறது. அதனால் நம்ம ஊரில் கம்பளி உடை பாழாவது போட்டுத் தேய்ந்து இல்லை, வைத்த இடத்தில்தான். அடுத்த வருஷம் எடுத்துப் பார்த்தால் ஓட்டை, பூஞ்சை வாடை, மஞ்சள் கறை. இதைத் தடுக்கிறேன் என்று பலர் போடும் அந்துருண்டை, சில குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், அது உண்மையிலேயே கம்பளிதானா?

கடையில் 'உல்லன்' என்று சொல்லி விற்கும் எல்லாமே ஆட்டு ரோமத்தில் செய்தது கிடையாது. குளிர்காலத்தில் தமிழக நகரங்களில் திபெத்தியர்கள் போடும் ஸ்வெட்டர் கடைகளிலும் சரி, ஜவுளிக்கடைகளிலும் சரி, பஞ்சாபின் லூதியானாவில் இருந்து வரும் சரக்குதான் பெரும்பாலும். அதில் சுத்தக் கம்பளி, கலப்பு, முழுக்க அக்ரிலிக் என மூன்று வகையும் இருக்கும். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்த செயற்கை நூல்.

இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், அக்ரிலிக்கைப் பூச்சி தின்னாது, எளிதில் சுருங்கவும் சுருங்காது. கம்பளிக்குத்தான் இவ்வளவு பக்குவமும் தேவை. கழுத்துப் பட்டையின் உள்பக்கம் இருக்கும் லேபிளைப் படியுங்கள். நூல் உருண்டை சுற்றியது போன்ற 'உல்மார்க்' சின்னம் 1964 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் வடிவம் சுத்தமான புதுக் கம்பளியைக் குறிக்கும். கலப்பு நூலுக்கு அதே சின்னத்தின் வேறு வடிவங்கள் உண்டு.

லேபிளே இல்லையா? தையல் ஓரத்தில் இருந்து ஒரு சின்ன நூலை வெட்டி எடுத்து, குழந்தைகள் இல்லாத இடத்தில் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டியான மணி போல ஆனால் அக்ரிலிக். இரண்டும் கலந்து தெரிந்தால், கம்பளி என்றே வைத்துக்கொண்டு பராமரிப்பது நல்லது.

ஓட்டை போடுவது யார்?

ஓட்டை விழுந்ததும் நாம் முதலில் சந்தேகப்படுவது எலியையும் கரப்பானையும்தான். சுத்தக் கம்பளியைப் பொறுத்தவரை முக்கியக் குற்றவாளி துணி அந்துப்பூச்சி. அதிலும் பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. அது முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுதான் நூலை அரிக்கிறது. கம்பள வண்டு என்ற சின்ன வண்டின் புழுவும் இதே வேலையைச் செய்யும்.

கம்பளி என்பது கெரட்டின் என்ற புரதம். நம் தலைமுடியும் நகமும்கூட அதுதான். பெரும்பாலான பூச்சிகளால் அதைச் செரிக்க முடியாது. இந்த இரண்டு புழுக்களால் முடியும். ஒரு அந்துப்பூச்சி நாற்பது, ஐம்பது முட்டை வரை இடும். வெதுவெதுப்பான சூழலில் ஒரு வாரம், பத்து நாளுக்குள் பொரிந்துவிடும்.

இந்தப் பூச்சிகளுக்குப் பிடித்தது மூன்று: இருட்டு, யாரும் தொடாத இடம், அழுக்கு. குழந்தையின் ஸ்வெட்டரில் சிந்திய பால், வாயில் இருந்து வழிந்த ஜொள்ளு, வியர்வை, சிறுநீர், பருப்புச் சாதம் எல்லாம் படிந்திருக்கும். சுத்தக் கம்பளியைவிட இப்படி அழுக்கான கம்பளியில்தான் புழு வேகமாக வளரும். பெரியவர்கள் சால்வை தப்பித்து, பக்கத்தில் இருந்த குழந்தை ஸ்வெட்டர் ஓட்டையாவதற்கு இதுதான் காரணம்.

"ஒரே ஒரு தடவைதானே போட்டது, அப்படியே மடிச்சு வைச்சிடலாம்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. அந்த ஒரு தடவையே போதும். சீசன் முடிந்து உள்ளே வைக்கும் முன் கட்டாயம் துவைக்க வேண்டும்.

துவைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சீசனுக்குள் அடிக்கடி துவைக்கத் தேவையில்லை. உள்ளே ஒரு பருத்தி பனியனைப் போட்டுவிட்டு மேலே ஸ்வெட்டர் போட்டால் வியர்வை அதில் நின்றுவிடும், குழந்தைக்கு அரிப்பும் இருக்காது. வீட்டுக்குள் வந்ததும் குல்லாவையும் ஸ்வெட்டரையும் கழற்றிவிடுங்கள். கம்பளிக் குல்லாவோடு கைக்குழந்தையைத் தூங்க வைக்கக் கூடாது, உடம்பு அதிகமாகச் சூடாகிவிடும்.

கறை: பால், வாந்தி போன்றவற்றைப் பச்சைத் தண்ணீரில் ஒற்றி எடுக்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை நூலிலேயே வெந்து பிடித்துக்கொள்ளும். திருத்தணியில் மொட்டை போட்ட குழந்தைக்குத் தலையில் சந்தனம் தடவி, மேலே குல்லா மாட்டுவது வழக்கம். அந்தச் சந்தனத்தையும் விபூதியையும் ஈரத்தோடு தேய்க்காதீர்கள். நன்றாகக் காய விட்டு, மென்மையான பிரஷால் தட்டினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பஞ்சாமிர்தம் சிந்தியிருந்தால் அன்றைக்கே அலசிவிடுங்கள். சர்க்கரை காய்ந்து நின்றால் பூச்சிக்கு விருந்து.

தண்ணீர்: 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். இங்கேதான் நம்ம ஊர்ப் பிரச்சினை. மொட்டைமாடி டேங்கில் இருந்து மதியம் வரும் தண்ணீர், நாம் சூடு பண்ணாமலே அதைவிடச் சூடாக இருக்கும். அதனால் துவைப்பது, அலசுவது இரண்டையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். சூடான தண்ணீரில் துவைத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசுவதும் தப்பு. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடு, ஈரம், கசக்கல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும். ஸ்வெட்டர் சுருங்கித் தடித்துப்போவது இதனால்தான்.

சோப்பு: சாதாரணத் துணி சோப்பும், சலவை சோடாவும் காரத்தன்மை உள்ளவை. 'என்சைம்' என்று போட்டிருக்கும் பவுடர்கள் பலவற்றில், புரதக் கறையைக் கரைக்கும் பொருள் இருக்கும். கம்பளியே புரதம்தானே, அதையும் மெல்ல அரிக்கும். பிளீச்சிங் திரவம் பட்டால் கம்பளி கரைந்தே போகும். கோத்ரெஜ் 'ஈஸி' போலக் கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் கொஞ்சம் குழந்தை ஷாம்பு போதும்.

முறை: வாளித் தண்ணீரில் சோப்பைக் கரைத்துவிட்டு, உடையை உள்பக்கம் வெளியே திருப்பி, பத்து நிமிடம் ஊற வையுங்கள். மெதுவாக அமுக்கி அமுக்கி எடுங்கள். கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, முறுக்கிப் பிழிவது மூன்றும் கூடாது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு எளிதில் போகாது, இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பிறகு ஒரு காய்ந்த துண்டின் மேல் விரித்து, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் துண்டுக்குள் இறங்கிவிடும்.

வாஷிங் மெஷினில் போடலாமா? லேபிளில் தொட்டிக்குள் ஒரு கை வரைந்திருந்தால் கையால் மட்டுமே துவைக்க வேண்டும். தொட்டி மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் துவைக்கவே கூடாது, டிரை கிளீனிங்தான். தொட்டி மட்டும் இருந்தால் மெஷினில் 'வூல்' அல்லது 'டெலிகேட்' முறையில் போடலாம்.

நிழலில் காய வைப்பதா, வெயிலிலா?

இரண்டும் வேண்டும், ஆனால் வெவ்வேறு நேரத்தில். ஈரமான கம்பளியை வெயிலில் போட்டால் வெள்ளை மஞ்சளாகும், நிறம் வெளுக்கும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நீண்டு, தோள்பட்டை துருத்திக்கொள்ளும். கட்டிலிலோ பாயிலோ துண்டை விரித்து, அதன் மேல் உடையைப் படுக்க வைத்து நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள்.

முழுக்கக் காய்ந்த பிறகு வெயில் நம் நண்பன். மேலே சொன்ன புழுவும் முட்டையும் 50 முதல் 55 டிகிரி சூட்டைத் தாங்காது. காய்ந்த ஸ்வெட்டரைக் கறுப்பு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் சில மணி நேரம் வைத்தால், கவருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். நடுவில் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். ஒரு கவரில் ஒன்று இரண்டு உடைக்கு மேல் திணிக்க வேண்டாம், மடிப்புக்குள் சூடு இறங்காது. குளிர்நாடுகளில் இதற்காக மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கச் சொல்கிறார்கள். திருத்தணிக்காரர்களுக்கு அந்தச் செலவே இல்லை, மாடி வெயிலே போதும். ஆறிய பிறகு வெளியே எடுத்து, பிரஷால் மென்மையாகத் தட்டிவிட்டு உள்ளே வையுங்கள்.

எதில், எப்படி வைப்பது?

ஹேங்கரில் மாட்டாதீர்கள், மடித்து வையுங்கள். சுத்தமான பழைய வேட்டித் துணியிலோ தலையணை உறையிலோ சுற்றி, இறுக்கமாக மூடும் டப்பாவிலோ டிரங்க் பெட்டியிலோ வைப்பது நல்லது. துளிகூட ஈரம் இல்லை என்று உறுதியானால்தான் பிளாஸ்டிக் டப்பா. லேசான ஈரம் இருந்தாலும் அது உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம். பீரோவைச் சுவரில் ஒட்டி வைக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், அடித்தட்டில் வைக்காதீர்கள்.

எடையான பொருளை மேலே அடுக்க வேண்டாம். எத்தனை பத்திரமாக வைத்தாலும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறிப் பாருங்கள். யாரும் தொடாத இடம்தான் பூச்சிக்குப் பிடிக்கும் என்று பார்த்தோம் அல்லவா? தொட்டுக்கொண்டே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்துருண்டை: குழந்தை துணியோடு ஏன் வைக்கவே கூடாது?

பாச்சா உருண்டை, பூச்சி உருண்டை என்று மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை உருண்டைகள் பெரும்பாலும் நாப்தலின் என்ற ரசாயனம். அது கரையாமல், உருகாமல், நேரடியாக ஆவியாகும். அந்த ஆவிதான் பூச்சியைக் கொல்கிறது. அதே ஆவி துணியிலும் ஏறி உட்காரும்.

பிறந்த குழந்தைக்கு இதில் என்ன ஆபத்து? நம் ரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். இது பரம்பரையாக வருவது, ஆண் குழந்தைகளிடம் அதிகம். அப்படிப்பட்ட குழந்தையின் உடம்பில் நாப்தலின் போனால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். ரத்தச்சோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் வரும். பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை மிக அதிகமானால் மூளையே பாதிக்கப்படலாம். அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியிலும் கம்பளியிலும் சுற்றப்பட்ட குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழ்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துவருகின்றன.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாப்தலின் எண்ணெயில் கரையும். எண்ணெய் தேய்த்த குழந்தையை அந்தத் துணியில் சுற்றினால், தோல் வழியாக உள்ளே போவது கூடும். ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆனால் எல்லாப் பிறந்த குழந்தைக்கும் இந்தச் சோதனை செய்யப்படுவதில்லை. தன் குழந்தைக்கு அது இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

வளர்ந்த குழந்தைகளுக்கு வேறு ஆபத்து. பார்க்கப் பெப்பர்மிண்ட் மாதிரி இருப்பதால் எடுத்து வாயில் போட்டுவிடுவார்கள். நொதிக் குறைபாடு இல்லாத குழந்தைக்கும் இது விஷம்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2002-ல் நாப்தலினை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் நாப்தலின் அந்துருண்டைகளுக்குத் தடை போட்டது. நம் நாட்டில் இன்றும் எங்கும் கிடைக்கிறது.

குழந்தை விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள். பால், எண்ணெய், நெய் எதுவும் கொடுக்காதீர்கள். கொழுப்பு சேர்ந்தால் நாப்தலின் வேகமாக உடம்பில் ஏறும். வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, உருண்டையின் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். 104 சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

விழுங்காவிட்டாலும், அந்துருண்டைத் துணியைப் போட்ட ஒன்றிரண்டு நாளில் குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், முகம் வெளுத்துச் சோர்ந்து கிடந்தால், பால் குடிக்க மறுத்தால் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் "அந்துருண்டை வைச்ச துணி போட்டோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

அப்போ அதற்குப் பதில் என்ன?

காய்ந்த வேப்பிலை, வசம்பு இரண்டையும் சின்னத் துணி மூட்டையாகக் கட்டிப் பீரோவில் வைப்பது நம் பழைய வழக்கம். இவற்றின் வாடை பூச்சியை ஓரளவு அண்டவிடாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்லும் என்று நம்பி உட்காரக் கூடாது. வேப்பிலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாக வைத்தால் அதுவே ஈரம் விடும். வாடை போனதும் மாற்றுங்கள். மூட்டை குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

கற்பூரம் வைக்கலாமா என்று கேட்பார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். சின்னக் குழந்தை கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். உண்மையான பாதுகாப்பு துவைப்பது, வெயில் காட்டுவது, இறுக்கி மூடுவது, அடிக்கடி எடுத்துப் பார்ப்பது ஆகிய நான்கும்தான்.

ஓட்டை விழுந்தாலோ, சுருங்கினாலோ?

பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் வரிசையாக அவிழும். அதனால் சின்ன ஓட்டையை அன்றைக்கே அதே நிற நூலால் தைத்துவிடுங்கள். முழங்கையில் என்றால் ஒரு பூ, கார் வடிவத் துணியை ஒட்டுத் தையல் போடலாம். குழந்தைக்கும் பிடிக்கும். மேலே உருண்டை உருண்டையாக நூல் திரண்டால் பிய்க்காதீர்கள், கத்தரிக்கோலால் நுனியை மட்டும் வெட்டுங்கள். சுருங்கியதை முழுசாக மீட்க முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஹேர் கண்டிஷனர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, படுக்க வைத்து மெதுவாக இழுத்துவிட்டால் ஓரளவு தளரும்.

மாத வாரியாக என்ன செய்யலாம்?

தை, மாசி: குளிர் குறைந்ததும் எல்லாக் கம்பளியையும் துவைத்து, நிழலில் உலர்த்தவும்.
சித்திரை: காய்ந்த உடைகளை வெயில் காட்டி, ஆறவிட்டு, மூடி வைக்கவும்.
ஆனி, ஆவணி: எடுத்து உதறி, ஓட்டை இருக்கிறதா பார்த்து மறுபடி வைக்கவும்.
புரட்டாசி: மழைக்கு முன் இன்னொரு முறை வெயில் காட்டவும்.
கார்த்திகைக் கடைசி: வெளியே எடுத்து ஒரு நாள் காற்றாட விடவும். குழந்தைக்கு அளவு பத்தாவிட்டால் தம்பி, தங்கைக்கோ உறவுக்காரக் குழந்தைக்கோ கொடுத்துவிடலாம்.

பீரோவில் இப்போது அந்துருண்டை இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துக் காகிதத்தில் சுற்றி, 'விஷம்' என்று எழுதி, வீட்டு அபாயக் குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். அதோடு இருந்த குழந்தைத் துணிகளைத் துவைத்தால் மட்டும் போதாது, நாப்தலின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. வாடை சுத்தமாகப் போகும் வரை பல நாள் வெளிக்காற்றில் போட்டு வையுங்கள். வீட்டில் பச்சிளம் குழந்தை இருந்தால் அந்தத் துணிகளை அதற்குப் போடவே வேண்டாம். பாட்டி வீட்டுப் பெட்டியில் இருந்து ஆசையாக எடுத்துத் தரும் பழைய கம்பளிக்கும் இது பொருந்தும்.